சுவர் யாருக்கு ரிசர்வ்?

2024 மார்ச் முதல் வாரம். நூறுநாள் வேலைக் கூலி கணக்கில் ஏறியிருந்த நாள். எங்கள் கிளையில் கூட்டம். டோக்கனும் கையுமாக ஒரு ஆயா என் கவுண்ட்டருக்கு வந்து பாஸ்புக்கை நீட்டி, "ஐந்நூறு மட்டும் குடு தம்பி" என்று கேட்டது. கணினியில் தட்டிப் பார்த்தால் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. கே.ஒய்.சி. புதுப்பிக்கவில்லை. ஆதார் நகல் வேண்டும், போட்டோ வேண்டும், படிவம் வேண்டும், கைநாட்டு வேண்டும்.

"ஆயா, நீ யாருன்னு பேங்குக்குத் தெரியணுமாம். தாள் கேக்குது" என்றேன்.

"ஒனக்கு என்னத் தெரியாதா தம்பி? ஒங்கம்மாகூட நடவுக்குப் போனவதான நானு."

எனக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. ஜெராக்ஸ் எடுக்க ஒரு கடை, போட்டோ எடுக்க இன்னொரு கடை என்று அலைந்து ஆயா திரும்பி வருவதற்குள் பணம் கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் மறுபடியும் பஸ் ஏறி வந்துதான் தன்னுடைய ஐந்நூறு ரூபாயைத் தானே வாங்கிக்கொண்டு போனது. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். எங்க சேரியிலிருந்து படித்து வந்து, எங்க சேரியிடமே "நீ யார்?" என்று கேட்கிற வேலை.

அதே வாரம், மார்ச் 4ஆம் தேதி, நாட்டின் மிகப் பெரிய வங்கியான பாரத ஸ்டேட் வங்கி உச்சநீதிமன்றத்துக்குப் போனது. தேர்தல் பத்திரங்களை யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பணமாக்கியது என்ற விவரத்தைக் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது. ஜூன் 30 என்றால் மக்களவைத் தேர்தல் முடிந்து, ஆட்சி அமைந்து, மாலையெல்லாம் காய்ந்து போயிருக்கும். மொத்தமே 22,217 பத்திரங்கள். குமாஸ்தா வேலை பார்க்கிற எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயாவின் ஐந்நூறு ரூபாய்க்கு ஆதார் நகல் இல்லை என்பதை ஒரு நொடியில் சொல்லிவிடுகிற கணினிகள், கோடி ரூபாய்க்காரன் பெயரைச் சொல்ல நான்கு மாதம் கேட்டன.

நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. மார்ச் 11ஆம் தேதி மனுவைத் தள்ளியது. மறுநாளே விவரம் போய்ச் சேர்ந்தது. முடியாது என்றது முடிந்துவிட்டது.

*

தேர்தல் பத்திரத்தின் கதை தோழர்களுக்குத் தெரிந்ததுதான். 2017 நிதிச் சட்டத்தில் நுழைக்கப்பட்டு, 2018 சனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என்று ஐந்து மதிப்பில் விற்றார்கள். வாங்கியவன் பெயர் மக்களுக்குத் தெரியாது. ஆனால் பத்திரத்தில் ஒரு ரகசிய எண் இருந்தது. புறஊதா விளக்கில் பிடித்தால்தான் தெரியும். 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் இந்தத் திட்டமே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது.

வெளிவந்த பட்டியலில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு 12 ஆயிரம் கோடிக்கு மேல் கைமாறியிருந்தது. அதில் பா.ஜ.க. மட்டும் 6,060 கோடி. வாங்கியவர்களில் முதலிடம் ஒரு லாட்டரி நிறுவனத்துக்கு, 1,368 கோடி. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்ததாக அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்திடம் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. வேறு மாநிலத்துக் கூலிக்காரன் கனவு கண்டு கிழித்துப் போட்ட சீட்டுதான் இங்கே கொடியாகவும் தோரணமாகவும் கட்டப்பட்டதா? கேட்டால், "எல்லாரும்தான வாங்குனாங்க" என்கிறார்கள். எல்லாரும் வாங்கவில்லை. இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகளும் வேண்டாம் என்றன. பகுசன் சமாசு கட்சி தனக்குப் பத்திரத்தில் எதுவும் வரவில்லை என்று கணக்குக் கொடுத்தது. கடைசி மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலில் ஒரு விழுக்காடாவது ஓட்டு வாங்காத கட்சி இந்தப் பத்திரத்தைத் தொடவே முடியாது என்றும் விதி இருந்தது. புதிதாக எழுந்து வரும் ஒடுக்கப்பட்டவர்களின் கட்சிக்கு வாசலிலேயே தடை.

கைமாறிய தொகையில் மிகப் பெரும்பகுதி ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள்தான். ஒரு கோடி என்றால் எவ்வளவு? தொழில் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2023-24இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்குக் கூலி 294 ரூபாய். ஒரு கோடிக்கு 34 ஆயிரம் நாள். வருசத்துக்கு நூறு நாள் என்பதுதான் அப்போது சட்டம். ஆகவே ஒரே ஒரு பத்திரத்தின் பணத்தைச் சம்பாதிக்க அந்த ஆயா 340 வருசம் மண் சுமக்க வேண்டும்.

*

இந்தப் பணம் எங்கே போகிறது? கட்சி ஆபீஸ், விமானம், ஹெலிகாப்டர், பொதுக்கூட்டம் எல்லாம் உண்டு. ஆனால் வருசத்துக்கு வருசம் வீங்கிக்கொண்டு வருவது விளம்பரம். பா.ஜ.க. தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த தணிக்கைக் கணக்கின்படி 2022-23இல் விளம்பரத்துக்கு 432 கோடி. 2023-24இல் 591 கோடி. மக்களவைத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு 2024 ஏப்ரல் 19. நிதியாண்டு முடிந்தது மார்ச் 31. அதாவது முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே 591 கோடி.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலத்தில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம். சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம். 2022 சனவரியில் உயர்த்திய வரம்பு இது. சின்ன மாநிலங்களுக்கு வரம்பு குறைவு, இருந்தாலும் 543 தொகுதிக்கும் 95 லட்சம் என்றே வைத்துப் பெருக்குவோம். 515 கோடியே 85 லட்சம் வருகிறது. ஒரு கட்சி, ஒரே ஆண்டில், விளம்பரத்துக்கு மட்டும் செலவழித்தது இதைவிட அதிகம். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. வேட்பாளருக்குத்தான் வரம்பு. கட்சிக்கு வரம்பே கிடையாது.

இந்த ஓட்டை தானாக விழவில்லை, போட்டார்கள். 1974இல் உச்சநீதிமன்றம் ஒரு தேர்தல் வழக்கில், வேட்பாளர் சம்மதத்தோடு கட்சி அவருக்காகச் செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில்தான் சேரும் என்றது. இந்திரா காந்தி அரசு அதே ஆண்டில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, கட்சியின் செலவு வேட்பாளர் கணக்கில் வராது என்று மாற்றியது. 2003இல் வந்த திருத்தம் கொஞ்சம் இறுக்கியது. அப்போதும் கட்சியின் பொதுப் பிரச்சாரத்தையும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணத்தையும் தொடவில்லை. எல்லாக் கட்சி ஆட்சியும் வந்து போனது. எவரும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை.

கீழே என்ன நடக்கிறது? தேர்தல் தேதி அறிவித்ததும் எங்கள் வங்கிக்குச் சுற்றறிக்கை வரும். ஒரு லட்சத்துக்கு மேல் வழக்கமில்லாத வரவு செலவு நடந்தால் தேர்தல் அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தைக்குப் போகிறவன் மடியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்து கையில் சீட்டு இல்லை என்றால் பறக்கும் படை எடுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மடியைத் தடவுகிற கை பத்திரம் வாங்கியவன் பெட்டியைத் தொடவில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

*

1999. எனக்குப் பன்னிரண்டு வயசு. அதுவரை தேர்தலைப் புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் அந்த வருசம்தான் முதல்முறையாக மக்களவைத் தேர்தலில் இறங்கினார்கள். கூட்டணிக் கட்சியான தமிழ் மாநில காங்கிரசின் சைக்கிள் சின்னம். எங்கப்பாவும் சித்தப்பாவும் ராத்திரியெல்லாம் சுவர் எழுதினார்கள். அரிக்கேன் விளக்கையும் சுண்ணாம்பு வாளியையும் தூக்கிக்கொண்டு கூடவே போனது நான். சுண்ணாம்பு அடிக்க மட்டை, எழுத நீலப்பொடி, கொஞ்சம் காவி, பசைக்கு வஜ்ரம். சைக்கிள் வரைவது லேசான வேலை இல்லை. ரெண்டு சக்கரமும் ஒரே அளவில் வட்டமாக வரணும். சித்தப்பா சோறு தின்கிற தட்டைச் சுவரில் வைத்துச் சுற்றிக் கோடு போடும். எல்லாச் செலவும் சேர்த்து நூறு ரூபாய் ஆகியிருக்காது. அதுவும் நடவாளுங்க ஆளுக்கு ரெண்டு ரூபாய் போட்டது.

எங்கே எழுதினோம்? எங்க தொகுப்பு வீடுகளில். எங்க பாலர் பள்ளியில். சேரிக்குள்ளே ஒரு சுவர் மிச்சமில்லை. ஆனால் பஸ் போகிற ரோட்டில் ஒரு சுவரிலும் எங்க சைக்கிள் இல்லை. அங்கே இருந்த சுவரெல்லாம் ஊர்க்காரன் சுவர். ஏற்கெனவே நாலு மூலையிலும் கட்சிப் பெயரைப் போட்டு, இத்தனாம் வருசத்திலிருந்து இத்தனாம் வருசம் வரை என்று எழுதி, கொட்டை எழுத்தில் 'ரிசர்வ்டு' என்று வைத்திருந்தார்கள். அப்பாவிடம் அர்த்தம் கேட்டேன். "நமக்குக் கெடையாதுன்னு அர்த்தம்டா" என்றார். பள்ளிக்கூடத்தில் அதே வார்த்தைக்கு நமக்கு உண்டு என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்தத் தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் சேரிகள் தாக்கப்பட்டதும், அதையும் மீறி இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்ததும் வரலாறு. அந்த ஓட்டை வாங்கியது பத்திரிகை விளம்பரம் இல்லை. தட்டு வைத்து வரைந்த சைக்கிள்.

சுவருக்குக் கண்டிப்பு வந்ததைப் பற்றிச் சொல்லணும். 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என்.சேஷன் காலத்தில் சுவரெழுத்து, போஸ்டர், ஒலிபெருக்கி எல்லாவற்றின் மீதும் பிடி இறுகியது. நடுத்தர வர்க்கம் கைதட்டியது. ஊர் சுத்தமாச்சு, காது நிம்மதியாச்சு என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். பிறகு விதி இன்னும் கூர்மையானது. உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கிற இடத்தில், சுவரின் சொந்தக்காரர் எழுத்து மூலம் ஒப்புதல் கொடுத்தால் எழுதலாம் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ரோட்டோரம் யாருக்குச் சுவர் இருக்கிறது? அவர் யாருக்கு ஒப்புதல் தருவார்? செருப்புப் போட்டு நடக்க விடாத தெருவில் சுவருக்கு ஒப்புதல் கேட்டுப் போய் நிற்கச் சொல்கிறது விதி.

சுவரை மூடிய கையோடு இன்னொரு கதவைத் திறந்தார்கள். 2004 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், முன்கூட்டியே சான்று வாங்கினால் தொலைக்காட்சியில் அரசியல் விளம்பரம் போடலாம் என்று வழிவிட்டது. சுவருக்கு நூறு ரூபாய் போதும். தொலைக்காட்சியில் நொடிக்குக் காசு. அப்புறம் நாளேட்டின் முதல் பக்கத்தை முழுசாக வாங்கினார்கள். அதற்கும் அப்புறம் செல்போன். கூகுள் நிறுவனம் வெளியிடும் அரசியல் விளம்பரக் கணக்கில், 2018 மே மாதத்திலிருந்து 2024 ஏப்ரல் வரை பா.ஜ.க.வின் செலவு நூறு கோடியைத் தாண்டியது. காங்கிரசு சுமார் 45 கோடி. ஒரே மாநிலத்துக் கட்சியான தி.மு.க. சுமார் 42 கோடி.

முன்னே சுவர் எழுதுகிறவன், பசை காய்ச்சுகிறவன், போஸ்டர் ஒட்டுகிறவன், கொம்பு நடுகிறவன் என்று தேர்தல் காசில் கொஞ்சமாவது சேரிப் பக்கம் சிந்தியது. இப்போது அதுவும் கடல் தாண்டிப் போகிறது.

மாணவத் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: "அண்ணா, இப்பதான் செல்போன் எல்லார் கையிலயும் இருக்கே. காசே இல்லாம நம்ம கருத்த நாமே போட்டுக்கலாமே?" போடலாம். போட்டால் நமக்கு நாமே பார்த்துக்கொள்கிறோம். சேரிச் சுவரில் எழுதிய சைக்கிளைச் சேரிதானே பார்த்தது? ரோட்டில் போகிறவன் கண்ணில் பட வேண்டும் என்றால் அங்கே காசு கட்டியாக வேண்டும். செல்போனுக்குள்ளேயும் ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது.

*

காசு இருந்தால் மட்டும் இடம் கொடுத்துவிடுவார்களா? அதற்கும் நம்மிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1920 சனவரி 31இல் பாபாசாகேப் அம்பேத்கரின் 'மூக்நாயக்' இதழ் வெளிவந்தது. பத்திரிகை வரப்போகிறது என்று ஒரு விளம்பரம் போட வேண்டும். திலகரின் 'கேசரி'யிடம் கேட்டார்கள். சும்மா கேட்கவில்லை, காசு கொடுத்துக் கேட்டார்கள். கேசரி போட மறுத்தது. திலகர் உயிரோடு இருந்த காலம் அது. விடுதலை பிறப்புரிமை என்றவரின் பத்திரிகையில் நமக்குக் கட்டண விளம்பரம்கூட உரிமை இல்லை. இன்று காசு கொடுத்தால் போடுகிறார்கள். அன்று சாதி சொல்லித் தடுத்த வேலையை இன்று விலை சொல்லித் தடுக்கிறார்கள். விலை சொல்லித் தடுத்தால் யாரும் தீண்டாமை வழக்குப் போட முடியாது.

ஆனால் அடுத்தவன் விளம்பரத்துக்கு நம் உடம்பு எப்போதும் இலவசம். தண்டோரா போட்டது யார்? ஏரி ஏலம், வரி பாக்கி, சாமி புறப்பாடு, அதிகாரி வருகை என்று தெருத்தெருவாக நின்று பறையடித்து அடுத்தவன் சேதியைச் சொன்னது நம் தாத்தாக்கள். நம் சேதியைச் சொல்ல அதே பறையை எடுத்தால் உதை. தமிழ்நாட்டில் தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் உத்தரவு போட 2022 ஆகஸ்டு ஆனது. இன்னும் வேட்பாளர் ஜீப்புக்கு முன்னால் ஆடவும் அடிக்கவும் நம் பசங்கதான். கூட்டத்துக்கு லாரியில் ஏற்றுவதும் நம் பெண்களைத்தான்.

*

சின்னத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கட்சியின் சின்னம் ஐம்பது வருசமாகச் சுவரில், சினிமாவில், சேலைக்கரையில் பதிந்தது. அதை அறிமுகப்படுத்தப் புதிதாகச் செலவு வேண்டாம். அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு ஒவ்வொரு தேர்தலிலும் கடைசி நேரத்தில்தான் சின்னம் தெரியும். 2019இல் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் திருமாவளவன் 3,219 வாக்கில் வென்றார். 2024இல் அதே பானை கிடைக்குமா கிடைக்காதா என்பது வேட்புமனு முடிகிற நேரம் வரை இழுத்தது. இரண்டு தொகுதியில் வென்று அங்கீகாரம் வந்த பிறகுதான், 2025இல், பானை நிலையாகக் கிடைத்தது. அதுவரை ஒவ்வொரு முறையும் கையிலிருந்த கொஞ்சக் காசும் 'இதுதான் நம்ம சின்னம்' என்று சொல்வதிலேயே கரைந்தது. கொள்கையைச் சொல்லக் காசு மிச்சமில்லை. தூர்தர்ஷனிலும் வானொலியிலும் 1998 முதல் கட்சிகளுக்கு இலவச நேரம் தருகிறார்கள். அதுவும் அங்கீகாரம் பெற்ற கட்சிக்குத்தான். கூடுதல் நேரம், போன தேர்தலில் கூடுதல் ஓட்டு வாங்கியவனுக்கு. ஏற்கெனவே சத்தமாகப் பேசுகிறவன் கையிலேயே மறுபடியும் மைக்கைக் கொடுக்கிற ஏற்பாடு.

"காசு கொட்டினவன் எல்லாம் ஜெயிக்கிறானா? 2004இல் 'ஒளிரும் இந்தியா' என்று விளம்பரம் போட்டுத் தோத்துப்போகலையா?" என்று கேட்கலாம். உண்மைதான். விளம்பரம் வெற்றியை வாங்கித் தரும் என்று நான் சொல்லவில்லை. யார் களத்தில் நிற்க முடியும், யார் யாருக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. ஒளிர்ந்தவன் தோற்றபோது ஜெயித்தவனும் செலவு செய்யத் தெரிந்த இன்னொருவன்தான்.

இதை எங்க வீட்டிலேயே பார்த்தேன். 2021 அக்டோபரில் எங்கள் பக்கம் ஊரக உள்ளாட்சித் தேர்தல். எங்க ஊராட்சித் தலைவர் பதவி தனித்தொகுதி ஆனது. சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, பட்டப்படிப்புப் படித்தவன், நிற்கிறேன் என்றான். ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு அனுப்பினார்கள். திட்டவில்லை, மிரட்டவில்லை, நாற்காலிகூடப் போட்டார்கள். "நோட்டீசு, போஸ்டரு, ஆட்டோ, மைக்கு எல்லாம் நாங்க பாத்துக்குறோம். நீ நில்லு. அது போதும்" என்றார்கள். அந்த 'அது போதும்' என்பதில் அடுத்த ஐந்து வருசம் இருந்தது. தலைவர் பதவிக்குச் செலவு வரம்பு 34 ஆயிரம் ரூபாய். அதைக்கூடப் புரட்ட முடியாதவனிடம்தான் இப்படிக் கேட்க முடியும். தம்பி எழுந்து வந்துவிட்டான். ஊர் வேறு ஒருத்தனை நிறுத்தியது, அவனும் நம்மாள்தான். ஊர் முழுக்க அவன் படம். ஊர்க்காரன் திண்ணைச் சுவரில், முதல்முறையாக ஒரு சேரிக்காரன் முகம். தம்பிக்கு நான் கொடுத்த எட்டாயிரத்தில் ஒற்றை வண்ண நோட்டீசு வந்தது. தோற்றான். ஜெயித்தவன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போஸ்டர் யார் காசோ, கையெழுத்தும் அவர்கள் சொல்படிதான்.

இதையே பெரிசாக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 44 தனித்தொகுதி நமக்கு. மக்களவையில் 7. 1932இல் பூனா ஒப்பந்தம் இரட்டை வாக்குரிமையைப் பிடுங்கி, நம் பிரதிநிதியை அடுத்தவன் ஓட்டுக்குக் கட்டிப்போட்டது. இப்போது விளம்பரச் செலவு என்ற இரண்டாவது கயிறு. ஓட்டும் அவன் போடணும், போஸ்டர் காசும் அவன் தரணும். போஸ்டரில் தலைவர் முகம் ஆளுயரம், மாவட்டச் செயலாளர் முகம் அரை ஆள், கீழே ஓரத்தில் கைகூப்பி நிற்கிற சின்னப் படம் நம் வேட்பாளர். சட்டமன்றத்திலும் அந்த அளவில்தான் அவர் தெரிகிறார்.

*

நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் இயக்கங்கள் என்ன செய்கின்றன? காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ், கட்சியில் சேர்ந்ததுக்கு ஃபிளெக்ஸ், பொறுப்பு கிடைத்ததுக்கு ஃபிளெக்ஸ். அம்பேத்கர் படம் மூலையில், நம் படம் நடுவில். தண்டல்காரனிடம் வட்டிக்கு வாங்கி பேனர் அடித்த பையனின் அம்மா என் கவுண்ட்டரில் நின்று, தாலிச்சரட்டை வைக்க நகைக்கடன் படிவம் கேட்டது. ஆதிக்கக் கட்சியின் விளையாட்டை அவன் காசில் ஒருத்தன் பத்து பங்கு ஆடுகிறான். நாம் கடன் வாங்கி அதே விளையாட்டை ஒரு பங்கு ஆடித் தோற்கிறோம்.

நம் முன்னோர் வழி இதுவல்ல. 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் கொண்டுவந்த வாரப் பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்தார். இதை வாங்க உன்னால் முடியும் என்பதுதான் அந்தப் பெயரின் சேதி. அன்று ரூபாய்க்கு 64 பைசா. ஒரு தேர்தல் பத்திரத்தின் விலையில் 64 கோடி இதழ் வாங்கலாம். 1988இல் அலகாபாத் இடைத்தேர்தலில் வி.பி.சிங்கை எதிர்த்து நின்ற கான்சிராம், ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் ஓட்டோடு ஒரு ரூபாய் நோட்டும் கேட்டார். காசு கொடுத்து ஓட்டு வாங்கும் நாட்டில் காசும் வாங்கி ஓட்டும் வாங்கினார். தோற்றார். ஆனால் ஒரு ரூபாய் கொடுத்தவன் அந்தக் கட்சியைத் தன் கட்சி என்று நினைத்தான். யாருக்கும் கட்டுப்படாத ஒரு கட்சி வடக்கே வளர்ந்ததில் அந்த ஒரு ரூபாய்க்கும் பங்கு உண்டு. பிற்காலத்தில் அந்தக் கட்சி என்ன ஆனது என்பது வேறு விவாதம். அதையும் இந்தப் பக்கங்களில் பேசுவோம்.

பத்திரம் ஒழிந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. தேர்தல் அறக்கட்டளை என்ற பழைய வழி அகலமாகத் திறந்தே இருக்கிறது. 2024-25இல் அந்த வழியாகவே ஆயிரக்கணக்கான கோடிகள் போய்ச் சேர்ந்தன. ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். வேட்பாளருக்கு இருப்பதுபோல் கட்சிக்கும் செலவு வரம்பு வேண்டும். விளம்பரத்துக்குத் தனி வரம்பு வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஊரிலும் சேரியிலும் பொதுச் சுவர் ஒன்று கட்டி, எல்லா வேட்பாளருக்கும் சம அளவு இடம் இலவசமாகத் தர வேண்டும். அந்தச் சுவருக்கு எவன் ஒப்புதலும் தேவைப்படக் கூடாது. வானொலி, தொலைக்காட்சி நேரத்தில் அங்கீகாரம் இல்லாத கட்சிக்கும் பங்கு வேண்டும். தனித்தொகுதி வேட்பாளரின் பிரச்சாரச் செலவை, கட்சித் தலைமையின் தயவுக்கு விடாமல், அரசே ஏற்க வேண்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. நம் கணக்கை முதலில் நாம் திறந்து காட்டணும். அடுத்த தேர்தலில் நம் இயக்கத்துக்கு வருகிற ஒவ்வொரு ரூபாயும், போகிற ஒவ்வொரு ரூபாயும், ஆள் பெயரோடு சேரிச் சுவரில் எழுதப்படட்டும். ஃபிளெக்ஸ் வேண்டாம். சுண்ணாம்பும் நீலமும் போதும். கணக்கு எழுதத் தெரிந்தவன், நான் வருகிறேன். எழுத்து அழகாக இருக்காது. கூட்டல் சரியாக இருக்கும்.

போன மாதம் அந்த ஆயா மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஆதார், போட்டோ எல்லாம் மஞ்சள் பையில் தயாராக இருந்தது. பணத்தை எண்ணி முடிச்சுக்குள் வைத்துக்கொண்டே, "நம்ம பசங்க எலக்சனுக்குக் காசு கேட்டு வருவாங்களா தம்பி?" என்று கேட்டது. "வந்தா குடுப்பியா ஆயா?" என்றேன்.

"கணக்கு சொன்னா குடுப்பேன்."